கழுவாத கால்கள்

நோலீன் கேமராக் கடையின் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். அறுபதைத் தாண்டிய பெண்பிள்ளை. பெரிய ஊருக்கு வரும்போது மட்டும் போடுகிற நீலக் கார்டிகன், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. கன்னத்தைக் கடைக் கம்பளத்தில் அழுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே மூன்று காலில் நின்ற கேமரா ட்ரைபாடின் அடிவயிற்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நுழைந்த ஒரு தம்பதி, யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

கடைக்காரர் கீத் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருக்கு இருபது வருஷ வியாபாரம். ட்ரைபாடைத் தோளில் மாட்டிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறார், எடை போட்டுப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறார். படுத்துப் பார்ப்பவர்களைக் கண்டதில்லை.

"அம்மா, இது ரொம்ப லேசு. உங்க வயசுக்குத் தூக்கிட்டு நடக்க சுகமா இருக்கும். நடுக் கம்பியை இழுத்தா உங்க கண்ணு உயரத்துக்கு வந்துடும், குனியவே வேண்டாம்."

"என் கண்ணு உயரத்துக்கு எதுக்கு? நான் எடுக்கப்போற பூ என் முழங்காலுக்கே வராது."

அவருக்கு அது காதில் ஏறியதாகத் தெரியவில்லை. நோலீன் நடுக் கம்பியை அழுத்திக் கீழே இறக்கினாள். அது தரையில் முட்டிக்கொண்டது. கால்கள் மூன்றையும் விரித்தாலும் கம்பி விடவில்லை. கேமரா பூட்டுகிற தலை ஒரு முழ உயரத்துக்குக் கீழே இறங்காமல் நின்றது. கடையில் இருந்த மாதிரிக் கேமராவை அதில் பூட்டி, திரையில் படத்தைப் பெரிதாக்கி, ட்ரைபாடின் ஒரு காலை விரல் நகத்தால் மெல்லத் தட்டினாள். திரையில் இருந்த விலைச்சீட்டு, நடுக்கம் கண்ட கிழவன் கை மாதிரி ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. தென்கடலிலிருந்து வருகிற காற்று நகத்தால் தட்டாது, தோளால் இடிக்கும். இதைத் தூக்கிக்கொண்டு குன்றின்மேல் போய் என்ன செய்வது? துணி உலர்த்தலாம்.

அவள் எடுக்க வேண்டியது சுத்தியல் ஆர்க்கிட் என்கிற பூவை. பூ என்று சொன்னால் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு விரல் நீளத் தண்டு, அதன் உச்சியில் கறுத்துச் சுருங்கிய இறைச்சித் துணுக்கு மாதிரி ஒன்று, மெல்லிய கீல் வைத்த கையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஜாதிக் குளவியின் பெண்ணைப் போலவே அது வேஷம் போடும். ஆண் குளவி வந்து அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்க்கும். கீல் மடங்கி, குளவி போய் மகரந்தத்தில் முதுகை இடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் கல்யாணம். தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கிற ஒற்றை இலை, இதய வடிவில், கட்டைவிரல் நகம் அளவு. தெரியாதவன் மிதித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். கீல் வைத்த பூ என்பதால், மூச்சு விட்டாலே ஆடும்.

நோலீன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மில்லர் குன்றில் அந்தப் பூ இருந்தது. குன்றின் இடப்பக்கம் செத்துவிட்டது. வேரழுகல் நோய் வந்து, பாங்க்ஸியா மரங்கள் எல்லாம் நின்ற நிலையிலேயே பழுப்பாகி, சாம்பலாகி, இப்போது எலும்பு மாதிரி நிற்கின்றன. அந்த நோய்க்குச் சிறகு கிடையாது. ஈர மண்ணில் குடியிருந்து, யாருடைய காலணியிலாவது ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். வலப்பக்கம் இன்னும் பச்சை. அந்தப் பக்கத்து வழியை மூடுங்கள் என்று நோலீன் எழுதாத இடமில்லை. மூடலாம், அபூர்வமான பூ ஏதாவது இருக்கிறது என்று காட்டினால் மூடலாம் என்றார்கள். பறித்துக் கொண்டுபோய்க் காட்டுவது குற்றம். படம்தான் சாட்சி. மூன்று வசந்தமாக அனுப்பினாள். போன வாரம் வனத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குரலில் சர்க்கரை.

"உங்க ஆர்வத்தைப் பாராட்டறோம்மா. ஆனா படத்துல ஒரு பழுப்புக் கோடுதான் தெரியுது. பூவா, குச்சியான்னு எங்களுக்கே சந்தேகம்."

"நேர்ல வந்து பாருங்களேன்."

"இந்த சீசன்ல ஆள் இல்லம்மா. தெளிவா ஒரு படம் அனுப்புங்க, உடனே செஞ்சுடலாம்."

தெளிவாக ஒரு படம்! அதற்காகத்தான் இந்தக் கம்பளத் தரையும், இந்தக் கீத்தும்.

மூலையில் விலை குறைத்துப் போட்டிருந்த பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு குட்டை ட்ரைபாட் கிடந்தது. கனமான அலுமினியம். நடுக் கம்பியே கிடையாது. கால்களை விரித்தால் தவளை மாதிரித் தரையில் பரந்து உட்கார்ந்தது. நகத்தால் தட்டினாள், திரையில் விலைச்சீட்டு ஒரு தரம் சிலிர்த்து நின்றுவிட்டது. நோலீனுக்கு அந்தத் தவளையைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இதுக்குப் பாதம் வெறும் ரப்பர்தான்மா," என்றார் கீத். "மணல்ல வழுக்கும். ஆணிக்கால் மாத்திக்கோங்க, நான் சும்மாவே தர்றேன். மண்ணுல ஆணி அடிச்ச மாதிரி இறங்கி நிக்கும். பூப்படம் எடுக்கற ராஸ் டெனிங் வெச்சிருக்கறது அதுதான். காட்டறேன் இருங்க, அவரோடது பழுதுபார்க்க வந்திருக்கு."

உள்ளேயிருந்து கொண்டுவந்தார். கறுப்பு நிறத்தில், வாட்டசாட்டமாக, ராஜாவீட்டுக் குதிரை மாதிரி இருந்தது. மூன்று காலிலும் விரல் நீள எஃகு ஆணிகள். ஆணியும் காலும் சேருகிற இடத்தில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. நோலீன் அதை விரலால் நிமிண்டினாள். உள்ளே இன்னும் ஈரம். மூக்கருகே கொண்டுபோனாள். சதுப்பு மண். செத்த பாங்க்ஸியா அடியில் கிளறினால் வருகிற அதே அழுகல் வாடை.

"இது எங்க போயிட்டு வந்தது?"

"போன வாரம் ஏரிச் சதுப்புக்கு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனாரு. சனிக்கிழமை மறுபடியும் அங்கதான், ஞாயித்துக்கிழமை வேற இடம். பயிற்சி முகாம்மா. பாருங்க, போஸ்டரே இருக்கு."

கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில் ராஸ் டெனிங்கின் பெயர், அதைவிடப் பெரிதாக ஒரு சுத்தியல் ஆர்க்கிட். ஞாயிறு, மில்லர் குன்று, காலைத் தேநீர் உண்டு.

நோலீனுக்குக் காது மடல் சூடேறியது. ஏரிச் சதுப்பில் நோய் இருப்பது ஊரறிந்த சேதி, பலகையே வைத்திருக்கிறார்கள். வருஷக்கணக்காகக் குன்றின் அடியில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் காலணியையெல்லாம் அவளும் சிநேகிதி பெவ்வும் பிரஷ் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள், ஸ்பிரிட் தெளித்திருக்கிறார்கள். குழந்தையின் தள்ளுவண்டிச் சக்கரத்தைக்கூட விட்டதில்லை. ஆனால் தோளில் சாய்த்துக்கொண்டு போகிற ட்ரைபாடுக்கும் கால் இருக்கிறது என்று இதுவரை ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. எத்தனை பேர் போயிருப்பார்கள்?

"ரப்பரே போதும்," என்றாள் நோலீன். "ஆணியை நீங்களே வெச்சுக்கோங்க. ராஸோட ட்ரைபாடைக் கழுவிக் குடுங்க. தண்ணியில இல்ல, ஸ்பிரிட்ல."

"கழுவணுமா? அது துரு பிடிக்காதும்மா."

வீட்டுக்கு வந்து சமையலறை மேஜைமேல் தவளையை விரித்து வைத்தாள். அவள் கணவர் டெஸ் ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட அப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடையில தரையில படுத்தியாமே. அங்க பார்த்த எரிக் போன் பண்ணினான்."

"படுத்தேன். அதுக்கென்ன?"

"இல்ல, என்கூட காட்டுல கூடாரம் போட்டா மட்டும் தரையில படுக்க மாட்டேன், முதுகு வலிக்குதும்பே. அதான் கேட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. மணலில் ரப்பர் வழுக்கும் என்று கீத் சொன்னது பொய்யில்லை. அலமாரியைத் திறந்து ஜாம் பாட்டில் மூடிகள் மூன்றை எடுத்து, ஒவ்வொரு பாதத்துக்கும் அடியில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். பனியில் நடப்பவர்கள் கட்டிக்கொள்கிற அகலப் பலகை மாதிரி கனத்தைப் பரப்பிக்கொண்டது. புதையவும் இல்லை, நழுவவும் இல்லை. டெஸ் ஒரு ஈயக் குண்டை, மீன் தூண்டிலுக்குக் கட்டுவது, சணலில் கட்டி நடுவில் தொங்கவிட்டார். பிறகு ஸ்பிரிட் கேனை எடுத்து அவள் பையருகே வைத்தார்.

ஞாயிறு காலை தூறிவிட்டு நின்றிருந்தது. அந்த ஈரம்தான் அந்த நோய்க்குத் தேர். நோலீன் போய்ச் சேர்வதற்குள் குன்றின் அடியில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. எல்லாரும் ஒழுங்காக வரிசையில் நின்று காலணியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் சிரத்தையாக, குதிகாலைத் திருப்பித் திருப்பி. ராஸ் டெனிங்கே முன்னால் நின்று, "சுத்தம் முக்கியம் மக்களே," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பூட்ஸ் பளபளத்தது. அவர் தோளில், அவர்கள் எல்லார் தோள்களிலும், ஆணிக்கால்கள் கறுப்புச் சேற்றோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வரிசையில் கடைசியாக பெவ் நின்றாள். கையில் அவள் சுட்ட லாமிங்டன் கேக் டப்பா. தோளில் புத்தம் புது ட்ரைபாட்.

"நீயுமாடி?"

"கோவிச்சுக்காத நோலி. பொறந்த நாளுக்கு மக இந்த முகாமுக்கு டிக்கெட் வாங்கிக் குடுத்தா. நேத்து சதுப்புல எடுத்தேன் பாரு ஒரு படம், அப்படியே..."

"உன் தோள்ல என்ன இருக்குன்னு பாரு."

பெவ் பார்த்தாள். ஆணியில் உறைந்திருந்த சேற்றைத் தொட்டாள். பிறகு, பிரஷ் தொங்குகிற கம்பத்தின்மேல் இருந்த பலகையைப் பார்த்தாள். *உங்கள் காலில் ஒட்டிய மண் ஒரு காட்டைக் கொல்லும்.* அவள் கையெழுத்துதான். சிவப்புப் பெயிண்டில் அவளே எழுதியது.

"ஐயோ," என்றாள்.

நோலீன் வழியின் நடுவில் போய் நின்றாள். "கால் கழுவினீங்க, ரொம்ப சந்தோஷம். தோள்ல இருக்கறதுக்கும் ஆளுக்கு மூணு கால் இருக்கு. அதையும் கழுவிட்டுப் போங்க."

சிலர் சிரித்தார்கள். ராஸும் சிரித்தார், எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டு. "அடுத்த வருஷம் ட்ரைபாடுக்கு சாக்ஸ் பின்னிக் குடுங்கம்மா, வாங்கிக்கறோம்."

"நீங்க நேத்து எங்க இருந்தீங்க?"

"ஏரியில."

"அங்க நோய் இருக்குன்னு பலகை இருக்கே, படிச்சீங்களா?"

"அம்மா, நான் இந்தப் பூவையெல்லாம் நேசிக்கறவன். இதை உலகத்துக்குக் காட்டினதே என்னை மாதிரி ஆளுங்கதான். எனக்குப் போய்ப் பாடம் நடத்தறீங்களே." அவர் கிழக்கே பார்த்தார். "இந்த மேக வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம்தான் நிக்கும். இத்தனை ட்ரைபாடைக் கழுவிட்டு உக்காந்தா பொழுது போயிடும். வழி மூடியிருக்குன்னு எங்கயாவது எழுதியிருக்கா? இல்லையே?"

இல்லை. அதுதான் குத்தியது. எழுதியிருக்கவில்லை, ஏனென்றால் அவளுடைய பூ ஆடிவிட்டது, அவள் படம் பழுப்புக் கோடாகிவிட்டது. அவர் அவளைச் சுற்றிக்கொண்டு, புல்லில் ஒரு காலை வைத்து, மேலே ஏறிப் போய்விட்டார்.

மற்றவர்கள் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெவ் மண்டியிட்டு உட்கார்ந்து தன் ட்ரைபாடின் ஆணிகளைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாடிக்கார இளைஞன் பிரஷை எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் ஒரு வரிசை தானாகக் கூடியது. ஆனால் நோலீன் அதை நின்று பார்க்கவில்லை. முழங்கால் வலிக்க வலிக்க மேலே ஏறினாள். வலப்பக்கம் பாங்க்ஸியாக்கள் மஞ்சள் கூம்புகளோடு நின்றன. தேன்குருவிகள் இரைச்சல் போட்டன. இந்த மரங்கள் போனால் தேன் போகும், தேன் போனால் குளவி போகும், குளவி போனால் அந்தப் பூ யாருக்காக வேஷம் போடும்? மூச்சு வாங்கியது. கோபமா, ஏற்றமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ராஸ் பூவைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார். கண் கூர்மை, அதைக் குறை சொல்ல முடியாது. ஈர மணலில் வயிற்றைக் கிடத்தி, கன்னத்தைத் தரையில் பதித்து, கடையில் அவள் படுத்திருந்த அதே மாதிரி படுத்திருந்தார். ட்ரைபாடின் மூன்று ஆணிகளும் மணலுக்குள் முழுசாக இறங்கியிருந்தன. காற்று சீறிக்கொண்டிருந்தது, பூ ஆடியது, நின்றது, அந்த நின்ற கணத்தில் அவர் விரல் அழுத்தியது.

"வாங்கம்மா," என்றார், கோபமே இல்லாமல். "பாருங்க. ஒரு மயிரிழை ஆடல."

பார்த்தாள். என்ன சொல்வது, அழகாக இருந்தது. கீல் தெரிந்தது. குளவியைப் போல் மினுங்குகிற அந்தக் கறுத்த தலையில் ஒவ்வொரு மருவும், ஒவ்வொரு முடியும் தெரிந்தன. மூன்று வசந்தம் அவள் தேடிய படம் ஒரு அந்நியன் கைக்குள் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"ராஸ்," என்றாள். தன் குரல் இவ்வளவு தணிந்து வரும் என்று அவளே நினைக்கவில்லை. "இந்தப் படத்தை அலுவலகத்துக்கு அனுப்புங்க. எந்த இடம்னு மட்டும் எழுதுங்க. இந்த ஒரு படம் போதும், வழியை மூடிடுவாங்க. நடந்ததை நான் மறந்துடறேன்."

அவர் எழுந்து, சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினார். உண்மையிலேயே புரியாதவர் போல அவளைப் பார்த்தார்.

"மூடிட்டா, அடுத்த வருஷம் நான் ஆளுங்களை எங்கம்மா கூட்டிட்டு வர்றது?"

ட்ரைபாடைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடி, உச்சிப் பாறைப் பக்கம் போனார்.

நோலீன் அப்படியே நின்றாள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் தேன்குருவிகள்தான் பறந்துபோகும். கீழே பார்த்தாள். வெள்ளை மணலில் பூவைச் சுற்றி மூன்று குழிகள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கறுப்பு வளையம். ஒன்று அந்த இதய இலையிலிருந்து ஒரு விரல் தள்ளி. மற்றொன்று ஓர் இளம் பாங்க்ஸியாவின் காலடியில்.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். பெவ். கையில் லாமிங்டன் டப்பாவும், அதை எடுத்து வைக்கிற பெரிய கரண்டியும்.

"டப்பாவைக் காலி பண்ணு," என்றாள் நோலீன்.

"தோண்டி எடுத்துடலாமா? எடுத்தா போயிடுமா நோலி?"

"தெரியல. தோண்டலாம். ஆனா கொஞ்சம் பொறு. முதல்ல இது."

அவள் தவளையை இறக்கினாள். பாதங்களையும் ஜாம் மூடிகளையும் மறுபடி ஒருமுறை ஸ்பிரிட்டில் துடைத்தாள். மணலைக் கண்ணால் துழாவி, இலை இல்லாத இடமாகப் பார்த்து மூடிகளை வைத்தாள், அவற்றின்மேல் கால்களை. ஈயக் குண்டு நடுவில் தொங்கி அசையாமல் நின்றது. குப்புறப் படுத்தாள். கேமராவைச் சற்றே திருப்பினாள், பூ ஓரத்துக்குப் போய், அந்தக் குழியும் சட்டத்துக்குள் வரும்படியாக. ராஸைப் போல அழகான படம் மட்டும் வேண்டியிருந்தால் குழியை ஒதுக்கியிருப்பாள்; அவளுக்கு வேண்டியது சாட்சி.

"காத்துக்கு மறைச்சுக்கோ."

பெவ் தன் மழைக்கோட்டைக் கழற்றி இரு கையாலும் விரித்துப் பிடித்தாள், திரைச்சீலை மாதிரி. காற்று கோட்டை உதறியது. பூ ஆடிக்கொண்டே இருந்தது. நோலீன் காத்திருந்தாள். ஈரம் கார்டிகனைத் தாண்டி வயிற்றில் ஏறியது. கீழே யாரோ பிரஷால் உரசிக்கொண்டிருக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. உச்சியிலிருந்து சீட்டி.

காற்று மூச்சை உள்ளே இழுத்தது போல ஓய்ந்தது. எங்கிருந்தோ ஒரு குளவி வந்தது. ஒரு வட்டம் போட்டு, அந்தக் கறுத்த துணுக்கைக் கட்டிப்பிடித்து, தூக்க எத்தனித்தது. கீல் மடங்கியது.

விரல் அழுத்தியது.

திரையில் குளவியின் சிறகு நரம்புகூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால் வெள்ளை மணல். மணலில் ஒரு குழி. குழியின் உதட்டில் கறுப்புச் சேறு, இன்னும் காயாமல், காலை வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. நோலீன் கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டிக் கரண்டியைக் கேட்டாள்.